கார்த்திகைப்பூவுக்கு ஒரு வேலி

ஐப்பசி மழை கனத்துக் கார்த்திகை பிறந்ததும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் தவறாது வெளிவரும் படம் ஒன்று உண்டு. மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஆறு இதழ்களையும் மேல்நோக்கி வளைத்து நிற்கும் கார்த்திகைப்பூவின் படம் அது. முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாள்களோடு வாழ்ந்தவன் என்ற வகையில் அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதியவர்களில் நானும் ஒருவன். முன்பு அந்தப் படத்துக்காகப் படப்பிடிப்பாளர் எங்கும் போக வேண்டியதில்லை. எந்த ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்தினாலும் வேலியில் நாலு பூ நிற்கும். இப்போது அவர் அரைநாள் அலைகிறார். சில ஆண்டுகளில் பழைய படமே மறுபடியும் அச்சேறுகிறது.

படம் வருகிறது, பூ வருவதில்லை. இந்த நிலைக்குக் காரணம் என்ன, அதற்கு ஒரு வீட்டுக்காரனால் செய்யக்கூடியது என்ன என்பதைச் சாவகச்சேரியில் என் வளவில் நான் கண்டவற்றைக் கொண்டு இங்கே எழுத முற்படுகிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் நண்பர்கள் சிலர் இந்தப் பூவை வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்பதும் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணம்.

கார்த்திகைப்பூ நமக்குப் புதியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் முதலாவதாக நிற்பது காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். ஆபிரிக்காவில் சிம்பாப்வேயின் தேசியமலரும் இதே பூ. 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது இதற்குக் குளோரியோசா சுப்பர்பா என்று பெயரிட்டார். மகிமை, மேன்மை ஆகிய இரண்டையும் ஒரே கொடிக்குக் கொடுத்துவிட்டார். நம்முடைய வைத்தியர்கள் அவ்வளவு மயங்கவில்லை. கிழங்கைத் தோண்டிப் பார்த்துக் கலப்பைக்கிழங்கு என்றார்கள். வடமொழியில் இலாங்கலி என்பதும் கலப்பையை வைத்து வந்த பெயரே. இரண்டு கவராகப் பிரிந்து வளைந்திருக்கும் அந்தக் கிழங்கைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

தோட்டக்கலை நூல்கள் இதைப் பல்லாண்டுக் கொடி என்று வகுக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் கண்ணில் படும் கொடி அன்று. வடகீழ்ப் பருவமழையின் முதல் ஈரத்தோடு மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு மாதத்துக்குள் ஆள் உயரத்துக்கு ஏறிப் பூக்கும். தை பிறக்கக் காய் முற்றும். மாசியில் கொடி காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஏனைய மாதங்களை மண்ணுக்கடியில் கிழங்காக உறங்கிக் கழிக்கும். அந்த உறக்கத்தைக் குழப்பாமல் விடுகின்ற ஓர் இடம் அதற்கு வேண்டும்.

அந்த இடத்தைத்தான் நமது வேலிகள் கொடுத்துவந்தன. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற வேலியின் அடியை ஒருவரும் கொத்துவதில்லை. உதிர்ந்த இலை அங்கேயே கிடந்து உக்கும். ஆடு மாடு நுழையாது. வேருக்கு நிழலும் ஈரமும் இருக்கும், தலைக்கு வெயில் இருக்கும். காட்டின் ஓரத்தில் இந்தக் கொடி தேடிக்கொள்வதும் இதே ஏற்பாட்டைத்தான். நமது முன்னோர் வளவைச் சுற்றி, தம்மையறியாமலே, ஒரு முழ அகலத்தில் ஒரு காட்டோரத்தை வளர்த்துவந்தார்கள் என்றே நான் எண்ணுகிறேன். அதில் சாத்தாவாரியும் பிரண்டையும் காக்கணவனும் கார்த்திகைப்பூவும் ஒன்றாக வாழ்ந்தன.

இப்போது மதில்கள் வந்துவிட்டன. நான் மதிலைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் மதில் கட்டிக்கொண்டிருந்த மேசனிடம் ஒருநாள் இது பற்றிக் கதைத்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்:

"ஐயா, இனி ஆர் வேலி அடைக்கிறது? கதியாலும் இல்லை, ஓலையும் இல்லை, அடைக்கிற ஆளும் இல்லை. மதில் எண்டால் ஒருக்காச் செலவு. பேந்து பயமில்லை."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வீட்டுக்காரர் கனடாவில் இருக்க, வயோதிபத் தாய் தனியாக இருக்கும் வளவுக்கு மதில் ஒரு பாதுகாப்பு. ஆனால் கார்த்திகைப்பூக் கொடிக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அது தண்டால் சுற்றிப் படர்வதில்லை, வேர்விட்டு ஒட்டிக்கொள்வதுமில்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகி, எட்டிய மெல்லிய சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். சீமெந்துச் சுவரில் அந்த நுனிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. அத்திவாரம் வெட்டும்போது கிழங்கு போகிறது. தப்பிய கிழங்கு முளைத்தாலும் பற்ற இடமின்றிச் சரிந்து விழுகிறது. ஊரில் இந்தப் பூ அருகியதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் பயம். விடுதலைப் புலிகள் இயக்கம் இதனைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தது. பூக்கும் காலமும் நவம்பர் 27-ஐ ஒட்டி வருகிறது. ஆதலால் 2009-க்குப் பின்னர் இந்தப் பூவைப் பார்க்கும் கண்கள் மாறிவிட்டன. 2024-இல்கூட, வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுப் போட்டிக்காக ஓர் இல்லத்தைக் கார்த்திகைப்பூ வடிவில் அலங்கரித்தமைக்காகப் பொலிஸ் விசாரணை நடந்தது பத்திரிகைகளில் செய்தியாயிற்று. யாரும் சட்டம் போட்டு இந்தக் கொடியைத் தடுக்கவில்லை. ஆனால் படலைக்கு முன்னால் நின்ற கொடியை, ஏன் வீண் வம்பு என்று இரவோடிரவாகப் பிடுங்கியவர்களை நான் அறிவேன்.

மூன்றாவது காரணம் பழையது. கொடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. பக்கத்து வளவு ஆச்சி நான் விதை போடுவதைப் பார்த்துவிட்டு வேலிக்கு மேலால் கேட்டார்:

"தம்பி, உதையே நடுறியள்? கண்டு ஒண்டு மாடு தின்னும் எண்டு நாங்கள் கண்ட இடத்திலை கிண்டி எறிஞ்சனாங்கள். நீங்கள் காசு குடுத்துச் சட்டி வாங்கி வளர்க்கிறியள்."

ஆச்சியின் எச்சரிக்கையை நான் அலட்சியப்படுத்தவில்லை. இந்த நஞ்சைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சாவகச்சேரியை அறிந்தவர்களுக்கு அதன் நிழலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து கைதடிப் பாலம் தாண்டி வருபவர் முதலில் உணர்வது குளிர்ச்சியை. மாவும் பலாவும் தென்னையும் பனையும் சேர்ந்து வெயிலை மறைக்கும். மட்டுவில், சரசாலை, மீசாலை, மந்துவில், வரணி என்று எங்கு போனாலும் காலுக்குக் கீழே மணல், தலைக்கு மேலே இலை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து வந்தபோது, கூரை கிடைக்காத இலட்சக்கணக்கானவர்கள் தங்கியது இந்த மரங்களின் கீழ்தான். பின்னர் 2000-இல் சாவகச்சேரியே போர்க்களமாகி, பட்டணமும் வீடுகளும் தரைமட்டமாயின. மரங்களும் மிஞ்சவில்லை. பனைகள் காப்பரண்களுக்குப் போயின.

2002 யுத்தநிறுத்தத்தின் பின்னர் சனம் திரும்பியபோது செய்தி சேகரிக்க வந்தவர்களில் நானும் இருந்தேன். வளவுகள் பற்றைக்காடாகக் கிடந்தன. கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட தடிகளுக்கு அப்பால் ஒருவரும் கால் வைக்கவில்லை. அந்த ஆண்டுக் கார்த்திகையில், ஆட்கள் போக முடியாத அந்தப் பற்றைகளில், இடிந்த சுவர்களின் இரும்புக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு கார்த்திகைப்பூ நிறைந்திருந்தது. மனிதர் இல்லாத இரண்டு மழைக்காலங்கள் அதற்குப் போதுமாயிருந்தன. அதன்பின் வளவுகள் துப்புரவாகின, வீடுகள் எழுந்தன, மதில்கள் எழுந்தன. போரிலும் பிழைத்த கொடி மீள்குடியேற்றத்தில் அருகியது. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேனே தவிரக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வீடு திரும்பியவர்களுக்குப் பூவைப் பார்க்கும் ஓய்வு இருக்கவில்லை.

இனி விதைக்கு வருகிறேன்.

கிழங்கை நட்டால் அடுத்த மழைக்கே பூ காணலாம். அப்படியிருக்க ஏன் விதை என்று கேட்பீர்கள். கிழங்கு வேண்டுமானால் எங்கோ ஒரு வேலியடியில் தோண்ட வேண்டும். என் வளவில் ஒன்று கூடும், ஊரில் ஒன்று குறையும். தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் நடந்த கதை. கரூர், திண்டுக்கல், திருப்பூர், அரியலூர்ப் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விவசாயிகள் இதைப் பந்தலிட்டுப் பயிரிடுகிறார்கள். விதையிலுள்ள கொல்சிசின் என்னும் மருந்துப் பொருளுக்காக அது ஏற்றுமதியாகிறது. விதையிலிருந்து பூ வர ஆண்டுகள் செல்லும் என்பதால் நடுவதற்குக் கிழங்கையே தேடுகிறார்கள். காடுகளிலும் கரையோரங்களிலும் தோண்டித் தோண்டி இயற்கையாக நின்ற கொடிகள் குறைந்துவிட்டன. விதையிலிருந்து வளர்ப்பவன் யாருடைய வேலியையும் வெறுமையாக்குவதில்லை. அவனுக்குத் தேவை பொறுமை மட்டுமே.

2019 தை மாதம் மந்துவிலில் ஒரு பழைய கிளுவை வேலியில், வெடித்துத் திறந்திருந்த காய்கள் சிலவற்றை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பறித்தேன். காய் மூன்று பிளவாகத் திறந்து, உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் மணி மணியாக விதை இருக்கும். கையுறை போட்டு, மேலிருந்த சதைப்பற்றான தோலைக் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்திக் கடதாசி உறையில் இட்டு வைத்தேன். புதிய விதையை உடனே போட்டுப் பயனில்லை. ஆறு தொடக்கம் ஒன்பது மாதங்கள்வரை அது உறங்கும். நமது காலநிலைக்கு அந்தக் கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. தையில் விழுந்த விதை புரட்டாதி மழையில் விழித்தெழும்.

புரட்டாதியில் 40 விதைகளை ஒரு நாள் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டு, வளவு மணலில் உக்கிய மாவிலையைச் சரிபாதி கலந்து நிரப்பிய சட்டிகளில், விரல் நகத்தளவு ஆழத்தில் இட்டேன். சட்டிகளை மாமரத்தின் கீழே நடுநிழலில் வைக்காமல், நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் ஓரத்தில் வைத்தேன். நீர் தேங்காமல் சட்டியின் அடியில் ஓட்டுத் துண்டுகளும் போட்டேன். நீர் தேங்கினால் இந்த விதையும் கிழங்கும் அழுகிவிடும். தென்மராட்சி மணல் நீரை வடியவிடுவது நமக்கு வாய்த்த நன்மை.

ஒரு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, பத்து நாள் கழித்து இரண்டு, இன்னும் ஒரு மாதம் கழித்து நாலு என்று முளைத்தன. ஒரே காயிலிருந்து வந்த விதைகள்கூட ஒரே நாளில் எழுவதில்லை. 40 விதைகளில் 17 முளைத்தன. முதலாம் ஆண்டில் சில இலைகள் மட்டும்தான். மாசியில் அவை காய்ந்தபோது வீட்டிலிருந்தவர்கள் செத்துவிட்டது என்றார்கள். சட்டியில் ஒரு தடி குத்தி, திகதி எழுதி, நீர் விடுவதை நிறுத்திவிட்டேன். மண்ணுக்கடியில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு கிழங்கு இருந்தது. கோடையில் நீர் விட்டால் அது அழுகும். இந்தக் கொடியை வளர்ப்பதில் பாதி, ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகுவதுதான்.

2020 மழையில் ஒன்பது மட்டும் மீண்டும் எழுந்தன. அவற்றை அந்த ஆண்டுக் கொடி காய்ந்தபின் வேலியடிக்கு மாற்றினேன். மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிழங்கின் நுனியில்தான் முளைக்கும் கண் இருக்கிறது. கிழங்கு எளிதில் முறியும், நுனி போனால் அந்தக் கிழங்கு முளைக்காது. மண்ணோடு சேர்த்துத் தூக்கி, கிடையாக, நாலு விரற்கடை ஆழத்தில் வைத்தேன். பழைய கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் சுருங்கிப் போகும். அந்த ஆண்டுக் கொடி புதிய கிழங்கைச் செய்துவிட்டுத்தான் காயும். ஆகவே, பூ முடிந்தவுடன் கொடியை வெட்டிவிடக் கூடாது. 2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விவசாயிகள் தவித்தபோது இந்தக் கொடிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. மாவிலை உக்கலே அவற்றுக்குப் போதும்.

வந்த தொல்லை ஒன்றுதான். கறுத்த உடலில் வெள்ளையும் சிவப்புமான புள்ளிகள் கொண்ட ஒரு புழு கூட்டமாக வந்து இலையை அரித்தது. விஞ்ஞானிகள் இந்தக் கொடியின் பெயரையே அந்தப் பூச்சிக்கும் வைத்திருக்கிறார்கள், பொலிற்றெலா குளோரியோசே என்று. ஆடு தொட முடியாத இலை அதற்கு உணவு. காலையில் பொறுக்கி எடுப்பதைத் தவிர நான் மருந்து எதுவும் அடிக்கவில்லை.

2022 கார்த்திகையில் மூன்று கொடிகள் பூத்தன. எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் தேய்ந்துபோயிருந்த ஆண்டு அது. பூ விரியும்போது இளம்பச்சை கலந்த மஞ்சள். நாள் செல்லச் செல்லச் சிவப்பு நுனியிலிருந்து கீழிறங்கி, கடைசியில் பூ முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஒரே கொடியில் மூன்று நிறத்துப் பூக்களைப் பார்க்கலாம். பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கடை அம்மா வீட்டு வேலியிலை நிண்ட மாதிரியே இருக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக் காத்திருப்புக்கு எனக்கு அது போதும்.

ஆனால் அந்த ஆண்டு ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இந்தப் பூவின் அமைப்பே அப்படி. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி ஒரு பக்கம் நீண்டுவிடுகிறது. தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாது. வண்ணத்திப்பூச்சியோ தேன்சிட்டோ வேறு பூவிலிருந்து கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டு வயல்களில் இந்த வேலையைக் காலை வேளையில் ஆட்களே பூப்பூவாகச் செய்கிறார்கள். அடுத்த ஆண்டு நானும் ஒரு மெல்லிய தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தை இன்னொரு கொடியின் பூவில் தடவினேன். காய் பிடித்தது. தனியாக ஒரு வளவில் நிற்கும் கொடி எவ்வளவு பூத்தாலும் சந்ததி விடுவது அரிது. அக்கம்பக்கத்திலும் இது நின்றால்தான் ஊரில் நிலைக்கும்.

நஞ்சைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கொல்சிசின் சிறு அளவில் மருந்து. கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுகிறது. 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இருதய நோயாளருக்கும் குறைந்த அளவில் அதை அனுமதித்தது. அளவு மீறினால் அது உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்திவிடும். வாந்தியும் வயிற்றோட்டமுமாகத் தொடங்கி உள்ளுறுப்புகளைத் தாக்கும். வத்தாளங்கிழங்கு என்றோ வேறு கிழங்கு என்றோ எண்ணி அவித்து உண்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். ஆகவே மரக்கறித் தோட்டத்தருகே இதை நடவேண்டாம். சிறுபிள்ளைகளும் கட்டாக்காலி ஆடுகளும் உள்ள இடத்தில் வேண்டாம். கிழங்கையும் விதையையும் தொட்டபின் கையைக் கழுவுங்கள். யாராவது உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், ஒரு கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் சில வார்த்தைகள். ஊருக்கு வந்து திரும்பும்போது விதையையோ கிழங்கையோ பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தாவரத் தடைகாப்புச் சட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கரையோர மணற்குன்றுகளில் இந்தக் கொடி பரவி, அங்கே இது அகற்றப்பட வேண்டிய களை. குளிர் நாடுகளில் கிழங்கைக் கடையிலேயே வாங்கலாம். சட்டியில் நட்டுக் கோடையில் வெளியே வைத்து, உறைபனிக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அங்கே அது ஆடி ஆவணியில்தான் பூக்கும். ரொறன்ரோவில் இருக்கும் நண்பர் ஒருவர், "பூ வந்திட்டுது, கார்த்திகை இன்னும் வரேல்லை" என்று தொலைபேசியில் சிரித்தார். கொடிக்குத் தெரிந்தது மழையும் சூடும்தான், நாட்காட்டி அன்று.

இந்தப் பூவின் மேல் யார் என்ன பொருளை ஏற்றினாலும் அதற்கு எனக்கு மறுப்பில்லை. பிள்ளையை இழந்த தாய்க்கு அது ஒரு பொருள், சங்கப்பாடல் படிக்கும் மாணவனுக்கு இன்னொரு பொருள். ஆனால் பொருளை ஏற்றுவதற்கு முதலில் பூ இருக்க வேண்டும். கடதாசியிலும் பிளாஸ்ரிக்கிலும் செய்த பூக்கள் பெருகும் அளவுக்கு வேலிகளில் பூக்கள் குறைந்து வருவதைப் பார்க்கும்போது, வருங்காலத்துப் பிள்ளைகள் இதைச் சின்னமாக மட்டுமே அறிந்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

மதில் கட்டியவர்களும் இதற்கு இடம் கொடுக்கலாம். மதிலின் உட்புறம் ஒரு முழம் விட்டு நாலு கிளுவைக் கதியால் ஊன்றுங்கள். அடியில் விழும் இலையைக் கூட்டி எரிக்காமல் விடுங்கள். கொடிக்கு அது போதும். நாலு பக்கமும் கட்ட வசதியில்லாதவர்கள் பின்பக்கத்தையாவது வேலியாகவே விட்டுவிடுங்கள்.

சென்ற தை மாதம் என் கொடிகளில் கிடைத்த விதைகளைச் சிறு உறைகளில் போட்டு, மேலே "நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்று எழுதி, சாவகச்சேரியிலும் மட்டுவிலிலும் ஏழு வீடுகளுக்குக் கொடுத்தேன். ஏழும் வேலியுள்ள வீடுகள். இன்னும் விதை இருக்கிறது. தென்மராட்சிப் பக்கம் வருபவர்கள் தை மாதம் வாருங்கள், தருகிறேன். கிழங்கு மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.